குதிகாலை வெளியே திருப்பு

கிளிப் இல்லாத பெடல் என்று
இதற்குப் பெயர் வைத்தவன் எந்த ஊர்க்காரனோ.
காலைக் கவ்விப் பிடிப்பதுதான் இதன் ஒரே வேலை.

பெர்மியோ துறைமுகத்துக்கு மேலே, அனார்ட்ஸின் கடையில்
மூன்று ஜோடி இருந்தன.
ஒன்று பந்தயக்காரர்களுக்கு: மூன்று திருகாணி, அகன்ற வாய்.
ஒன்று மலைப்பாதைக்கு: சின்னது, சேறு ஒட்டாது,
அந்த ஷூவோடு கடைத்தெருவுக்கும் போய் வரலாம்.
மூன்றாவதை அவன் இறக்கிக் காட்டவே இல்லை.
விலையை என் முகத்தில் படித்திருப்பான்.
எனக்குப் பந்தயம் கிடையாது. ஆனாலும் முதலாவதைக் கேட்டேன்.

"மேசைமேல் உட்காருங்கள். கால்களைத் தொங்கவிடுங்கள்.
எதையும் யோசிக்காதீர்கள்."
யோசிக்காமல் தொங்கின.
இடது பாதம் நேராகக் கடலைப் பார்த்தது.
வலது, பத்து நிமிடம் தள்ளி, தேவாலயத்தைப் பார்த்தது.
"எப்போதாவது விழுந்தீர்களா?"
சூரைமீன் டப்பா ஆலையில், ஈரத் தரையில்,
பதினோரு வருடம் முன்பு.
கணுக்காலுக்குள் இன்னும் இரண்டு ஆணி.
"அப்படியானால் மஞ்சள்" என்றான்.
சிவப்புக் கட்டை காலை அசையவே விடாதாம்.
மஞ்சளில் கொஞ்சம் தளர்வு உண்டு,
கோணல் கால் கோணலாகவே மிதிக்கலாம்.
என் வலது காலிடம்
இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மாட்டுவது எளிது. நுனியைக் கொடுத்து அழுத்து: டக்.
கழற்றத்தான், எவ்வளவு இழுத்தாலும் விடாது.
குதிகாலை வெளியே திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.
கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது முறை செய்தேன்.
இருபதும் சரி.

இருபத்தோராவது முறை, சிக்னலில்.
சிரிமிரி பெய்துகொண்டிருந்தது.
இந்தக் கரையில் தூறலுக்கு அதுதான் பெயர்;
சிரிக்கிற மாதிரியே பெய்யும்,
முழுக்க நனைந்த பிறகுதான் தெரியும்.
சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. நானும் நின்றேன்.
கால்கள் மட்டும் இறங்கவில்லை.
இழுத்தேன்.
வெட்டிய மரம் யோசித்து யோசித்துச் சாய்வதுபோல
வலது பக்கமாகச் சாய்ந்தேன்.
வேகமே இல்லாமல் விழுவதற்கு
இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாது:
எதிர்க்கடையில் ரொட்டி வாங்கியவள்
சில்லறையை எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் மீன் லாரி.
ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்தாள் எஸ்டிச்சு,
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.
"இதை எப்படித் திறப்பது?"
மல்லாந்தபடியே பாடம் எடுத்தேன்: குதிகால், வெளியே.
அவள் கேட்கவில்லை. ஷூவின் பட்டையைப் பிரித்தாள்,
முள்ளைத் தனியே எடுப்பதுபோல
என் காலை மட்டும் உருவினாள்.
ஷூ பெடலிலேயே நின்றது,
நான் இல்லாமலும் கிளம்பத் தயாராக.
ஒற்றைச் சாக்ஸோடு ஈரத் தார்ச்சாலையில் நான்.
பச்சை இரண்டு முறை வந்து வந்து போனது.

அன்று இரவு ஸ்பிரிங் திருகாணியை இரண்டு சுற்று தளர்த்தினேன்.
முழங்கை ஆறியது. அக்டோபரில்
சொல்லூபே ஏற்றத்தின் பாதியில்,
மிதிப்பது மட்டுமில்லை, மேலே இழுக்கவும் முடியும் என்று
தொடையின் பின்பக்கத்துக்குப் புரிந்தது.
லிபே இன்னும் தட்டைப் பெடல்தான்.
"காசு கொடுத்தா விலங்கு வாங்கினாய்?" என்பாள்.
ஏற்றத்தில் இப்போதும் அவள்தான் முன்னால்.
அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்.

காபிக் கடையில் வாத்து நடை, டொக் டொக்.
ஈர ஓட்டுத் தரையில் மேசை மேசையாகப் பிடித்துக்கொண்டு போவேன்.
கட்டை சீக்கிரம் தேயும், அதுவும் இறக்குகிற காலுடையது,
ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
வீட்டு இழுப்பறையில் புத்தம்புது வலதுகள் மூன்று.
இப்போதெல்லாம் சந்திப்புக்கு ஐம்பது மீட்டர் முன்பே
இடது குதிகால் தானாகத் திரும்பிவிடுகிறது.
நான் சொல்வதில்லை.

மார்ச்சில் ஆலை மேலாளர் உர்கிசா அறைக்குக் கூப்பிட்டார்.
இரவு ஷிப்டில் மேற்பார்வை, நிரந்தரம்,
நூற்று அறுபது யூரோ கூடுதல்.
நன்றாகத்தான் பேசினார். நாற்காலியும் மெத்தென்று இருந்தது.
"பெரிய வாய்ப்பு, கார்பிஞே."
"ஆமாம், பெரிய வாய்ப்பு" என்று நான் சொல்லும்போதே
மேசைக்கு அடியில் இடது குதிகால்
மெல்ல வெளியே திரும்பியது.
சத்தம் வரவில்லை.
ரப்பர் பூட்ஸ்.